வகுப்பறையும் பதிப்புரிமையும்: கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான முழு வழிகாட்டி

‘ஒரு புத்தகத்தில் பத்து சதவீதம் வரை ஜெராக்ஸ் எடுக்கலாம்’ என்று துறைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் அடித்துச் சொல்வார். இந்தியச் சட்டத்தில் அப்படி ஓர் எண் கிடையாது. பத்து சதவீதம், ஓர் அத்தியாயம் என்ற கணக்குகள் வேறு நாடுகளின் சட்டங்களிலிருந்தும் உரிம ஒப்பந்தங்களிலிருந்தும் இங்கே ஒட்டிக்கொண்டவை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியருக்குத் தரும் சலுகை பக்க எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. நகல் யார் கைக்குப் போகிறது, எந்தப் பாடத்துக்காகப் போகிறது என்று பார்க்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகும். சலுகை உண்டு என்று தெரியாமல் பயந்து ஒதுங்குபவர்களும் உண்டு, சலுகைக்கு வாசற்படி உண்டு என்று தெரியாமல் தாண்டிப் போகிறவர்களும் உண்டு. இரண்டாம் வகையினர்தான் அதிகம்.

இங்கே சொல்வது இந்தியாவுக்கு மட்டும். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் தனிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன் விதிகள் வேறு.

ஒரு பாடப்பொருளைக் கையில் எடுத்ததும் நான்கு கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். உரிமைக் காலம் இன்னும் ஓடுகிறதா? ஏற்கெனவே நமக்கு அனுமதி இருக்கிறதா? வகுப்பறை விலக்கு பொருந்துமா? எதுவும் இல்லையென்றால் யாரிடம் கேட்பது? முதல் இரண்டு கேள்விகளிலேயே பாதிப் பொருள்கள் தேறிவிடும்.

படி 1: உரிமைக் காலத்தைக் கணக்கிடுதல்

கதை, கவிதை, கட்டுரை, நாடகம், இசை, ஓவியம் ஆகியவற்றுக்கு ஆசிரியரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும். இந்த 60, இறந்த தேதியிலிருந்து அல்ல, அடுத்த ஆண்டின் ஜனவரி 1 முதல் எண்ணப்படும். புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். 1949 ஜனவரி முதல் எண்ணினால் 2008 டிசம்பருடன் முடிகிறது. இந்தக் கணக்குப்படி 2009 முதல் அவர் எழுத்து பொதுவுடைமை, அதாவது யாரும் பயன்படுத்தலாம். இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் கடைசியாக மறைந்தவரின் ஆண்டே கணக்கு. திரைப்படம், ஒலிப்பதிவு, அரசு வெளியீடு மூன்றுக்கும் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60. புகைப்படத்துக்கும் முன்பு அப்படித்தான் இருந்தது. 2012 திருத்தத்துக்குப் பிறகு அதற்கும் படம் எடுத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் என்றாகிவிட்டது.

கணக்கு சரியாக இருந்தும் தவறுவது எங்கே என்றால், ஒரு நூலுக்குள் பல உரிமைகள் அடுக்காக இருப்பதைக் கவனிக்காததில். சங்கப் பாடலுக்கு உரிமை இல்லை. அதற்கு உரை எழுதியவர் 1990இல் மறைந்திருந்தால் அந்த உரைக்கு 2050 முடிய உரிமை உண்டு. உ.வே.சா. 1942இல் மறைந்தவர், ஆகவே அவருடைய குறிப்புரை இன்று எல்லோருக்கும் பொது. அதே நூலின் புதிய மறுபதிப்பில் இன்றைய பேராசிரியர் ஒருவர் எழுதிய ஆய்வு முன்னுரை பொதுவன்று. மொழிபெயர்ப்பும் இப்படித்தான். மூல ஆசிரியர் நூற்றைம்பது ஆண்டுக்கு முன் மறைந்திருக்கலாம், மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை உண்டு.

தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் இருக்கிறது. மரபுரிமையாளருக்குப் பரிவுத்தொகை தந்து அரசு நாட்டுடைமை ஆக்கிய, அதாவது எல்லோருக்கும் பொதுவாக்கிய, ஆசிரியர்களின் நூல்களுக்கு 60 ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இவற்றில் பலவற்றை அப்படியே எடுக்கலாம். நவீன இலக்கியம் நடத்துபவர்கள் வாசிப்புப் பட்டியலை எழுதும் முன் நாட்டுடைமைப் பட்டியலை ஒரு தடவை புரட்டினால் அனுமதிக் கடிதங்கள் பாதியாகக் குறையும்.

சட்டத்துறை ஆசிரியர்களுக்கு ஒரு சொல். தீர்ப்பின் வாசகத்தை மறுபதிப்புச் செய்யச் சட்டமே அனுமதிக்கிறது. ஆனால் தனியார் தீர்ப்புத் தொகுப்புகள் சேர்க்கும் தலைக்குறிப்பு, பதிப்பாசிரியர் செய்யும் பத்திப் பிரிப்பு போன்றவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தின் சொந்த இணையத்தளங்களிலிருந்தே தீர்ப்பை இறக்குங்கள், கேள்வியே எழாது.

படி 2: கையில் இருக்கும் அனுமதி

நூலகம் சந்தா கட்டியிருக்கும் ஆய்விதழை மறுபடி நகலெடுத்துக் கொடுக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள், மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், ஒருங்கிணைப்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்ளிப்நெட். உங்கள் கல்லூரி இதில் வருகிறதா, கல்லூரிகளுக்கு மின்னிதழ்கள் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். அப்படியே, சந்தா ஒப்பந்தம் பாடத் தொகுப்பில் கட்டுரையைச் சேர்க்க விடுகிறதா, கல்லூரியின் கற்றல் தளத்தில் பிடிஎஃப் ஏற்ற விடுகிறதா என்றும் கேளுங்கள். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் இது மாறும். தெரியவில்லை என்றால் பிடிஎஃப் வேண்டாம். டிஓஐ இணைப்பை (கட்டுரையின் நிலையான இணைய முகவரியை) மட்டும் கொடுங்கள், மாணவர் கல்லூரிக் கணக்கில் நுழைந்து படிக்கட்டும்.

அடிக்கடி நடக்கும் விபத்து ஒன்று: ஆர்வமுள்ள ஒருவர் ஓர் இதழின் பத்தாண்டு இதழ்களை மென்பொருள் வைத்து ஒரே இரவில் இறக்குவார். பதிப்பகத்தின் கணினி அதைக் கண்டுபிடித்து வளாகத்தின் ஐபி முகவரியையே முடக்கிவிடும். மறுநாள் ஒருவருக்கும் எதுவும் திறக்காது. தேவையான கட்டுரையை மட்டும் இறக்கச் சொல்லுங்கள்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருந்தால் அதன் எழுத்துகளைப் படியுங்கள். ‘பிஒய்’ என்றால் பெயர் சொன்னால் போதும். ‘எஸ்ஏ’ இருந்தால் நீங்கள் மாற்றி உருவாக்கியதையும் அதே உரிமத்தில் விட வேண்டும். ‘என்சி’ வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும். ‘என்டி’ இருந்தால் உரிமத்தின்படி மாற்றி வெளியிட முடியாது, தமிழாக்கம் உட்பட.

கட்டண ஆய்வுக் கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாகத் தரும் சை-ஹப் இணையத்தளம் பற்றியும் கேட்பார்கள். எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் மூன்றும் 2020 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தில் அதன்மீது வழக்குப் போட்டன. தனியாக யார் என்ன படிக்கிறார்கள் என்பது வேறு; சிலபஸ் என்பது கல்லூரியின் அதிகாரபூர்வ ஆவணம். அதில் அந்த இணைப்பு அச்சாகி நிற்கக் கூடாது.

படி 3: வகுப்பறை விலக்கும் ஜெராக்ஸ் தொகுப்பும்

சட்டத்தின் 52ஆம் பிரிவு, எவை உரிமை மீறல் ஆகாது என்று பட்டியலிடுகிறது. அதில் 52(1)(ஐ) ஆசிரியரின் பிரிவு: கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ எந்தப் படைப்பையும் நகலெடுப்பதும், தேர்வு வினாவின் பகுதியாகச் சேர்ப்பதும், விடையில் எழுதுவதும் மீறலாகாது. தேர்வு வினாத்தாளில் ஒரு முழுக் கவிதையைக் கொடுத்து வினா கேட்க யார் அனுமதியும் வேண்டாம்.

‘கற்பித்தலின் போக்கில்’ என்பதன் எல்லை எதுவரை? அதைத் தீர்த்தது தில்லிப் பல்கலைக்கழக வழக்கு. தில்லிப் பொருளியல் பள்ளி வளாகத்தில் பல்கலைக்கழக உரிமத்துடன் இயங்கிய ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை, ஆசிரியர்கள் தந்த பட்டியலின்படி நூலகப் புத்தகங்களிலிருந்து அத்தியாயங்களை நகலெடுத்துக் கட்டாகத் தைத்து, பக்கத்துக்கு 40 காசுக்குக் கொடுத்துவந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸும் 2012இல் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பர் 16 அன்று தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். டிசம்பர் 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வு சட்டக் கேள்விகளில் பெரும்பாலும் அதையே உறுதி செய்தது. கற்பித்தல் என்பது மணி அடித்ததிலிருந்து அடுத்த மணி வரையிலான உரை மட்டுமல்ல, செமஸ்டர் முழுவதும் நடக்கும் ஏற்பாடு. நகலை ஆசிரியரே எடுத்தாலும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாலும் வேறுபாடில்லை. அளவுக்கு எண் வரம்பு இல்லை, கற்பித்தலின் நோக்கத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு.

ஒரு முடிச்சு மட்டும் அவிழாமல் நின்றது. தொகுப்பில் சேர்த்தவை பாடத்துக்குத் தேவையானவைதானா, முழுப் புத்தகத்தையே நகலெடுத்தது செல்லுமா என்று விசாரிக்க, அமர்வு வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டதால் விசாரணை நடக்கவில்லை. ஆகவே அத்தியாயங்களின் தொகுப்புக்குத் தீர்ப்பின் துணை உண்டு. கடையில் 350 ரூபாய்க்குக் கிடைக்கும் பாடநூலை அட்டை முதல் அட்டை வரை நகலெடுத்து வகுப்பு முழுவதற்கும் கொடுப்பதற்கு அந்தத் துணை இல்லை. பயிற்சி ஏடு, விடைக்கையேடு போன்றவற்றை நகலெடுக்காதீர்கள். அவை மாணவர் ஒவ்வொருவரும் வாங்குவதற்கென்றே அச்சானவை. ‘தேவைக்கு ஏற்ற அளவு’ என்ற வாதம் அங்கே நிற்காது.

தொகுப்பை இப்படிச் செய்யலாம். முதலில் வாசிப்புப் பட்டியலைச் சிலபஸின் எந்த யூனிட்டுக்கு எது என்று பொருத்தி, பாடத்திட்டக் குழுவிலோ துறைக் கூட்டத்திலோ ஒப்புதல் வாங்கித் தேதியுடன் கோப்பில் வையுங்கள். பின்னாளில் கேள்வி வந்தால் உங்களைக் காப்பது இந்த ஒரு தாள்தான். நகல் எடுக்கும் மூலப்பிரதி நூலகத்துடையதாகவோ விலை கொடுத்து வாங்கியதாகவோ இருக்கட்டும். திருட்டு பிடிஎஃப்பிலிருந்து தொகுப்புச் செய்தால் நல்ல வாதமும் கெட்டுவிடும். ஒவ்வொரு பகுதியின் முதல் பக்கத்திலும் ஆசிரியர், நூல், பதிப்பகம், பதிப்பு, ஆண்டு, பக்க எண்கள் இருக்க வேண்டும். முகப்பில் இப்படி ஒரு வரி போதும்:

‘இது இப்பாடத்தில் பதிவுசெய்த மாணவர்களின் வகுப்புப் பயன்பாட்டுக்கு மட்டும் தொகுக்கப்பட்டது. விற்பனைக்கல்ல. பொதுவில் பகிர வேண்டாம்.’

எண்ணிக்கை, பதிவேட்டில் உள்ள மாணவர்களும் ஆசிரியரும். 62 பேர் வகுப்புக்கு 63 கட்டு, 200 அல்ல. விலை நகல் கூலியும் பைண்டிங்கும் மட்டும். துறை நிதிக்கென்று ஐம்பது ரூபாய் கூட்டினால் அந்தத் தொகுப்பு வகுப்பைவிட்டுச் சந்தைக்குள் போய்விடுகிறது. கடைக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது: மிச்சக் கட்டுகளை அடுக்கி வைத்து யார் வந்தாலும் விற்கக் கூடாது, ஸ்கேன் கோப்பைக் கணினியில் வைத்திருக்கக் கூடாது. சொல்லாவிட்டால் நடப்பது இதுதான்: அடுத்த ஆண்டு பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் அங்கேயே வாங்குவார்கள், முகப்பில் உங்கள் பெயர் இருக்கும்.

தமிழ்வழி வகுப்புக்கான மொழிபெயர்ப்பு

ஆங்கிலப் பாடநூலின் ஓர் அத்தியாயத்தைத் தமிழாக்கி வகுப்பில் கொடுக்கலாமா? மொழிபெயர்க்கும் உரிமை மூல ஆசிரியருடையது என்பதால் பலர் தயங்குகிறார்கள். 52(2) இதற்கு விடை தருகிறது: முதல் உட்பிரிவின் விலக்குகள் மூலத்துக்கு எப்படிப் பொருந்துமோ அப்படியே மொழிபெயர்ப்புக்கும் பொருந்தும். ஆகவே உங்கள் மாணவர்களுக்காக நீங்கள் செய்யும் தமிழாக்கத்துக்கு ஜெராக்ஸ் தொகுப்புக்கு உள்ள அதே பாதுகாப்பு உண்டு. அதே எல்லையும் உண்டு. அந்தத் தமிழாக்கத்தை நூலாக அச்சிட்டாலோ இணையத்தில் எல்லோருக்கும் போட்டாலோ மூல உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். ‘தழுவி எழுதியது’ என்று அட்டையில் போட்டுக்கொள்வது அனுமதிக்கு ஈடாகாது.

பகுதி 1 தமிழ்ப் பாடத்திரட்டு: அதிகம் சறுக்கும் இடம்

பட்டப்படிப்பின் மொழிப்பாடமான பகுதி 1 தமிழுக்கு, தன்னாட்சிக் கல்லூரிகள் செய்யுள் திரட்டு, சிறுகதைத் திரட்டு என்று தாங்களே தொகுத்து, ஒரு பதிப்பகத்தில் அச்சிட்டு, மாணவர்களுக்கு விற்கின்றன. ஜெராக்ஸ் தொகுப்புக்குப் பொருந்தும் விலக்கு இதற்குப் பொருந்தும் என்று நினைப்பது தவறு. அச்சிட்டு வெளியிடும் திரட்டுக்குத் தனிப் பிரிவு 52(1)(ஹெச்). அதன் நிபந்தனைகள் இறுக்கமானவை. திரட்டின் பெரும்பகுதி உரிமை இல்லாத பொருளாக இருக்க வேண்டும். கற்பித்தலுக்கானது என்பது தலைப்பிலும் விளம்பரத்திலும் தெரிய வேண்டும். உரிமையுள்ள நூல்களிலிருந்து சிறு பகுதிகளை மட்டுமே எடுக்கலாம். அந்த நூல்கள் பாடநூலுக்கென்றே எழுதப்பட்டவையாக இருக்கக் கூடாது. அதோடு, ஒரே ஆசிரியரின் எழுத்திலிருந்து ஒரே பதிப்பகம் ஐந்து ஆண்டுக்குள் இரண்டு பகுதிக்கு மேல் வெளியிடக் கூடாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். சங்கப் பாடல், பக்தி இலக்கியம், பாரதி இருக்கும் செய்யுள் திரட்டில், வாழும் கவிஞர் ஒருவரின் நெடுங்கவிதையிலிருந்து பத்து வரி சேர்த்தால் இப்பிரிவுக்குள் அடங்கும். வாழும் எழுத்தாளர்கள் பன்னிருவரின் முழுச் சிறுகதைகள் கொண்ட திரட்டு அடங்காது: பெரும்பகுதி உரிமையுள்ளது, முழுக் கதை ‘சிறு பகுதி’யும் அன்று. இதற்கு ஒவ்வொருவரிடமும் கடிதம் வாங்கியே தீர வேண்டும். ஐந்தாண்டுக் கணக்கு பதிப்பகத்தின் தலையில் விழுவது என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே பதிப்பகம் பல கல்லூரிகளுக்கு அச்சிட்டால் எல்லாத் திரட்டும் சேர்ந்தே எண்ணப்படும். மூன்றாவது பகுதி உங்கள் திரட்டில் வந்து விழலாம், உங்களுக்குத் தெரியாமலே.

கேட்டால் பெரும்பாலான எழுத்தாளர்கள் மகிழ்ச்சியோடு தருவார்கள். கேட்காமல் சேர்த்து, கதையைச் ‘சுருக்கி’, சாதிப் பெயரோ வசைச் சொல்லோ வந்த இடத்தை வெட்டி வெளியிடும்போதுதான் சண்டை வருகிறது. பிரிவு 57 ஆசிரியருக்குத் தரும் தார்மிக உரிமை, பதிப்பகத்துக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்த பிறகும் அவரிடமே இருக்கும். சிதைத்தால் வழக்குத் தொடரலாம். வெட்ட வேண்டும் என்றால் கடிதத்திலேயே எந்த வரி என்று காட்டிக் கேளுங்கள்.

இணையத்தில் ஏற்றும்போது

சட்டத்தில் இணைய வகுப்புக்கென்று தனிப் பிரிவு இல்லை. 52(1)(ஐ)-யைத்தான் நீட்டிப் படிக்கிறோம். அதனால் வகுப்பறைச் சுவரை இணையத்திலும் நாமே எழுப்ப வேண்டும். கற்றல் தளம் மூடுலோ கூகுள் கிளாஸ்ரூமோ, கடவுச்சொல் வேண்டும், பதிவுசெய்த மாணவர் மட்டும், செமஸ்டர் முடிந்ததும் கோப்பை மூடிவிட வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் போட்டால் அது அன்று மாலையே டெலிகிராமில் இருக்கும். இணைப்பு மட்டும் போடுங்கள்.

கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டுக்காக மின்பாடங்களையெல்லாம் கல்லூரி இணையத்தளத்தில் பொதுவில் ஏற்றும் பழக்கம் பெரிய ஓட்டை. வகுப்பில் காட்டும்போது பாதுகாப்பாக இருந்த ஸ்லைடு, யாரும் திறக்கக்கூடிய பக்கத்துக்குப் போனதும் பாதுகாப்பை இழக்கிறது. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் இரண்டு பிரதி வையுங்கள்: வகுப்புப் பிரதி, பொதுப் பிரதி. பொதுப் பிரதியில் அடுத்தவர் படங்களை எடுத்துவிட்டு, எண்களை மட்டும் வைத்து வரைபடத்தை நீங்களே வரையுங்கள். தகவலுக்கு உரிமை இல்லை, வரைந்த விதத்துக்குத்தான் உண்டு. யூடியூப் விரிவுரைக்கும் இதே விதி. அங்கே 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமை எச்சரிக்கை வந்தால் சேனலே போய்விடும்.

திரைப்படம் காட்டுவதற்கு 52(1)(ஜே) இருக்கிறது: பார்வையாளர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையவர் என்ற வட்டத்துக்குள் இருந்தால் அனுமதி வேண்டாம். ஊருக்கெல்லாம் போஸ்டர் ஒட்டிய திரைப்பட விழாவுக்கு வேண்டும். ஓடிடி கணக்கில் காட்டுவது தனிச் சிக்கல். சட்டம் விட்டாலும் சந்தா ஒப்பந்தம் வீட்டுப் பயன்பாடு என்று கட்டியிருக்கும். குறுவட்டு வாங்கிக் காட்டுவது எளிது.

பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்குக் கணக்கு முற்றிலும் வேறு. 52(1)(இசட்பி)-யின்படி முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தைக் கணினி படிக்கும் உரையாக மாற்றி, ஒலி வடிவிலோ பிரெய்லியிலோ தரலாம். லாபம் கூடாது, வேறு மாணவர்கள் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பிரிவு தெரியாமல் ‘பதிப்புரிமை இருக்கிறது’ என்று மறுக்கும் நூலகங்கள் இன்றும் உள்ளன. பார்வைக் குறைபாடுள்ளோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்பிசைவு செய்த நாடு இந்தியா என்பதை அங்கே எடுத்துச் சொல்லலாம்.

படி 4: அனுமதிக் கடிதம்

யாரிடம் கேட்பது என்பதை நூலின் உரிமைப் பக்கம் சொல்லும். ‘உரிமை: ஆசிரியருக்கு’ என்றால் ஆசிரியரிடம். மறைந்துவிட்டால் வாரிசிடம், பலர் இருந்தால் எல்லோரிடமும். பதிப்பகத்தின் பெயர் இருந்தாலும் ஆசிரியரையும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். பிரிவு 19-இன்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் ஐந்தாண்டில் முடியும். தமிழ்ப் பதிப்புலகில் வாய்ப்பேச்சு ஒப்பந்தம் சகஜம் என்பதால், உரிமை தன்னிடம் இருப்பதாகப் பதிப்பகம் நம்பிக்கொண்டிருக்கலாம்.

கடிதத்தில் எழுத வேண்டியவை: நூலும் பக்க எண்களும், எந்தப் பாடம், எத்தனை பிரதி, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, அச்சா மின்வடிவமா, விலை, மதிப்பூதியம், வெட்டோ மாற்றமோ உண்டா. கீழே ‘அனுமதிக்கிறேன்’ என்று கையொப்பமிட இடம் விட்டு அனுப்பினால் பதில் விரைவில் வரும். அச்சுக்குப் போக மூன்று மாதம் இருக்கும்போதே அனுப்புங்கள். பதில் வராதது அனுமதி அல்ல. வேறு கதையைத் தேர்ந்தெடுங்கள்.

நோட்டீஸ் வந்தால்

பொதுவில் இருக்கும் கோப்பை உடனே மறையுங்கள், அழிக்காதீர்கள். எப்போது ஏற்றப்பட்டது, யாருக்குத் திறந்திருந்தது என்ற பதிவு உங்களுக்கே தேவைப்படும். நீங்களாகப் பதில் எழுதாமல் துறைத்தலைவர் வழியாகப் பதிவாளருக்கு அனுப்புங்கள். கூடவே சிலபஸ், துறைக் கூட்டக் குறிப்பு, மாணவர் எண்ணிக்கை, அனுமதிக் கடிதம். பிரிவு 63 ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சொல்வதைக் காட்டித்தான் நோட்டீஸ்கள் மிரட்டும். அது தெரிந்தே செய்த மீறலுக்கானது. வணிக லாபத்துக்காகச் செய்யாதபோது தக்க காரணம் காட்டித் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமும் அதே பிரிவில் உண்டு. வகுப்பு விலக்கில் அடங்குவதற்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம், எந்தப் பிரிவில் அடங்குகிறது என்று எழுதினால் போதும். அடங்காததற்கு வாதாடாமல், எடுத்துவிட்டோம் என்று தெரிவித்து, பயன்படுத்தியதற்குரிய தொகையைப் பேசி முடியுங்கள்.